செல்லியின் கையும் என் குத்தூசியும்

கண்ணு,

வீட்டில் எல்லோரும் சுகம் என்று தொடங்கினால் நீ அடுத்த வரிக்குப் போகமாட்டாய். ஆகவே நேராகவே சொல்லிவிடுகிறேன். அடுத்த வாரம் நீ வடக்கே போகிறாய். பெரிய இரும்பு வார்ப்புப் பவுண்டரி, சூப்பர்வைசர் வேலை, உன்னைவிட இரண்டு மடங்கு வயதான மோல்டர்கள் உன் கையெழுத்துக்குக் காத்து நிற்பார்கள். பெருமையாகத்தான் இருக்கிறது, இல்லையென்று சொல்லமாட்டேன். வேலந்தாவளம் டீக்கடையில் இருக்கிற அத்தனை பேரிடமும் சொல்லியாகிவிட்டது. ஆனால் நீ கிளம்புவதற்கு முன்னால் ஒரு பழைய பாக்கியைத் தீர்க்க வேண்டியிருக்கிறது. உனக்குப் பன்னிரண்டு வயது இருக்கும்போது ஒரு நாள் சாப்பாட்டுத் தட்டிலிருந்து தலையைத் தூக்காமலே கேட்டாய்: "ஏனுங்கப்பா, மோல்டிங் வேலைய உட்டுப்போட்டு கேட்டுல போய் வாட்ச்மேனா நிக்கறீங்க?" கை வலி என்று சொன்னேன். பொய். கையில் ஒரு வலியும் இல்லை. அந்தக் கேள்விக்கு நேராகப் பதில் சொல்ல எனக்கு அன்று தைரியம் வரவில்லை. எழுதினால் வருகிறது போலிருக்கிறது.

எழுபதுகளின் தொடக்கம் அது. வடகரப்பதியிலிருந்து விடியற்கால பஸ் பிடித்துக் கோயமுத்தூர் போய், பம்புக் கூடு வார்க்கிற பவுண்டரியில் மணலில் அச்சு எடுப்பவன் நான். மணலை உள்ளங்கையில் ஒரு பிடி பிடித்தால் ஈரம் எவ்வளவு என்று சொல்லிவிடுவேன். உலை வாயைப் பார்த்தே இரும்பு ஊற்றப் பதமா இல்லையா என்பேன். அதனால் ஒரு திமிர் இருந்தது, மறைக்க என்ன இருக்கிறது. கை தேர்ந்தவனுக்கு வருகிற வியாதி ஒன்று உண்டு: அடுத்தவன் வேலையைப் பார்த்தால் கை சும்மா இருக்காது. ஒரு தச்சன் உளி பிடிப்பதைப் பார்த்தாலும் 'இப்படிப் பிடிச்சா ஆகாதப்பா' என்று வாய் முந்தும். உனக்கும் அந்த வியாதி இருக்கிறது, கண்ணு. அம்மா அம்மி கொத்துவதற்கு ஆள் கூப்பிட்டபோது நீ அந்த ஆளுக்குப் பாடம் நடத்தினதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

உனக்குப் பத்து வயதில் விஷக்காய்ச்சல் வந்தது. பாலக்காட்டு ஆசுபத்திரியில் மூன்று வாரம் கிடந்தாய். நாக்கு வெள்ளையாகிக் கண் குழிக்குள் போய்விட்டது. நான் டாக்டரை நம்பினேன். உன் அம்மா டாக்டரையும் நம்பினாள், வாளையார் மலையடிவாரத்துக் காட்டுக் கன்னித் தெய்வத்தையும் நம்பினாள். நீ எழுந்து நடந்தால் கன்னிக்குப் பித்தளையில் ஒரு உருவாரச் சிலை வார்த்து வைப்பதாக நேர்ந்துகொண்டாள். நடந்தாய். நேர்ந்த கடனைச் செலுத்த, தன் தாய்வீட்டுச் சீராக வந்த பித்தளைக் குடத்தை அவளே சம்மட்டி வைத்து நெளித்து உடைத்துச் சாக்கில் கட்டிக் கொடுத்தாள். கன்னி உருவாரத்தை வேறு யாரும் வார்க்கக்கூடாது. மலையடிவாரத்தில் இருக்கிற ஒரு பதியில், அதாவது குடியிருப்பில், வாழ்கிறவர்கள்தான் வார்க்கவேண்டும் என்பது அந்தப் பக்கத்து வழக்கம். தேனெடுக்கிற ஆதிவாசி ஜனம். அந்தப் பதியில் அப்போது வார்ப்பு தெரிந்த வீடு ஒன்றே ஒன்று. மெழுகு வேலை முழுக்க செல்லி என்கிற பெண்ணுடையது. முப்பது வயது இருக்கும். துருத்தி ஊதுவதும் நெருப்பும் அவள் புருஷன் மருதனுடையது.

ஞாயிற்றுக்கிழமை தோறும் போய்ப் பார்த்தேன். முதல் வாரம் குறை சொல்லத்தான் போனேன் என்று வைத்துக்கொள். இரண்டாவது வாரத்திலிருந்து வாயைத் திறக்கவில்லை. களிமண்ணும் உமியும் பிசைந்து கன்னியின் உருவத்தைக் சாண் உயரத்துக்கு ஒரு கருவாகப் பிடித்து நிழலில் காயவைத்திருந்தாள். மலைத்தேன் அடையை உருக்கி, குங்கிலியம் சேர்த்து எடுத்த மெழுகைப் பலகையில் வைத்து உள்ளங்கையால் உருட்டுவாள். நூல் வரும். தையல் நூலுக்குக் கொஞ்சம் தடிமன், அவ்வளவுதான். அறுந்துபோகாமல் முழ நீளத்துக்கு வரும். அந்த நூலைக் கருவின்மேல் சுற்றிச் சுற்றியே சேலை மடிப்பு வந்தது, மாலை வந்தது, கால் தண்டை வந்தது, பின்னல் வந்தது. முகம் செய்த அன்றைக்கு ஒரு மூங்கில் சிலாம்பு மட்டும் கையில் இருந்தது. அடேயப்பா! இரண்டு மணி நேரம் வெயிலில் நின்றேன், நிழலுக்கு நகரத் தோன்றவில்லை. உதட்டோரத்தில் மெழுகை ஒரு நெல் முனை அளவுக்கு மேலே தள்ளினாள். அதுவரைக்கும் பொம்மையாக இருந்தது, சட்டென்று யாரையோ பார்த்துச் சிரிக்கப்போகிற பெண் ஆகிவிட்டது. நான் இருபது வருடம் வார்ப்பு வேலை செய்தவன், கண்ணு. பம்புக்கூட்டைத் தவிர என் கையில் எதுவும் பிறந்ததில்லை. அன்று எனக்குப் பொறாமைகூட வரவில்லை. இப்படி ஒரு கை இருக்கிற காலத்தில் நானும் இருக்கிறேனே என்று சந்தோஷம்தான் வந்தது.

"இதே மாதிரி இன்னொண்ணு வேணும்னா?" என்று கேட்டேன். எங்களுக்கு மர அச்சு ஒன்று இருந்தால் ஆயிரம் எடுப்போமே.

"இன்னொண்ணு மொதல்ல இருந்து செய்யோணுங்க மேஸ்திரி," என்றாள் செல்லி. "மெழுகு உருகிப் போயிரும், அச்சு ஒடஞ்சு போயிரும். மிஞ்சறது சாமி மட்டுந்தானுங்க."

"வார்ப்புத் தப்பிப் போச்சுன்னா?"

மருதன்தான் சொன்னான். "தப்புச்சுன்னா கன்னி அந்தக் கைய வேண்டாம்னுட்டான்னு அர்த்தமுங்க. சாம்பத் தண்ணீல கை கழுவிப்போடோணும். அப்பறம் சாகற மட்டும் மெழுகத் தொடப்படாதுங்க. இவ அம்மாளும் தப்பல, இவளும் தப்பல." சொல்லும்போது அவன் குரலில் பயமில்லை, பெருமைதான் இருந்தது.

மெழுகுக் கன்னியின் மேல் முதலில் சந்தனம்போல் அரைத்த வண்டலைப் பூசினார்கள். அது நிழலில் காய நான்கு நாள். அதன்மேல் புற்றுமண், அதன்மேல் உமி கலந்த களிமண். கடைசியில் கன்னியின் பாதத்துக்கு அடியில் ஒரு களிமண் குடுவை சேர்த்து, அதற்குள் உன் அம்மாவின் குடத்துத் துண்டுகளைப் போட்டு, எல்லாவற்றையும் ஒரே உருண்டையாக மூடிவிட்டார்கள். கீழே உலோகம், மேலே அச்சு, வெளியே மண். ஒரு பெரிய பலாப்பழத்தை ஊன்றி நிறுத்தின மாதிரி இருந்தது.

வார்ப்பு நாளும் ஞாயிறுதான். நெருப்பு வைப்பதற்கு முன்னால் பதி முழுக்க ஓடைக்குக் குளிக்கப் போனது. நான் வெளியாள், போகவில்லை. குழிக்குப் பக்கத்தில் நானும் அந்த உருண்டையும் மட்டும். சுற்றிச் சுற்றிப் பார்த்தேன். காற்று போக எங்கேயும் ஒரு துளை இல்லை. மணல் அச்சில் காற்று போகக் கம்பியால் குத்தாமல் விட்டால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். உலோகம் வாயுவோடு கொப்பளித்து முகத்தில் அடிக்கும், அப்படி ஒருவன் கண் போனதை நானே பார்த்திருக்கிறேன். குழந்தைகள் எல்லாம் குழியைச் சுற்றித்தானே நிற்கும்? அப்படிக் காற்றுத் துளை போடுகிற குத்தூசி எப்போதும் போல என் சட்டைப் பையில் இருந்தது. அவர்களைக் கேட்டிருக்கலாம். ஓடை எவ்வளவு தூரம், கூப்பிட்டால் கேட்கும் தூரம். கேட்கவில்லை. இத்தனை அழகாக மெழுகு வேலை செய்தவளுக்கு இந்த ஒன்று மட்டும் தெரியவில்லையே, நாம் சரிபண்ணிவிடுவோம் என்று நினைத்தேன். வாயு மேலேதானே போகும் என்று உச்சிப் பக்கமாக, கன்னியின் பிடரி இருக்கும் இடம் பார்த்து ஒரு குத்துக் குத்தினேன். மண் கொஞ்சம் மெலிதாக இருந்துவிட்டது. நுனியில் மெத்தென்று மெழுகு தட்டியது. சரி, பரவாயில்லை என்று உருவித் துடைத்துப் பையில் போட்டுக்கொண்டேன்.

குளித்துவிட்டு வந்து கரி மூட்டினார்கள். மருதன் துருத்தி மிதித்தான். செல்லி குழியோரம் குத்தவைத்து நெருப்பின் நிறத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள். சிவப்பு போய் மஞ்சள் வந்து, மத்தியானம் திரும்புகிற வேளையில் கரிக்கு நடுவில் நாக்கு மாதிரி ஒரு பச்சைத் தீ எழுந்தது. "இப்ப!" என்றாள். இரண்டு பேர் பச்சை மூங்கில் கவைகளால் உருண்டையைத் தூக்கினார்கள். தூக்கித் தலைகீழாகத் திருப்பி நட்டார்கள்.

தலைகீழாக! அதுதான் அவர்களுடைய வார்ப்பு. அகப்பையும் கிடையாது, ஊற்றுவதும் கிடையாது. உமி கலந்த மண் மெழுகையும் வாயுவையும் குடித்துவிடும்; கீழே உருகிய பித்தளை, திருப்பினதும் மேலேயிருந்து மெழுகு போன பாதை வழியாகத் தலை வரைக்கும் இறங்கும். ஆயிரக்கணக்கான அச்சுப் பெட்டியில் இரும்பு ஊற்றினவன் மூளைக்கு அது எட்டவில்லை. நான் உச்சி என்று நினைத்துக் குத்தின துளை இப்போது அடியில் இருந்தது. சாம்பலுக்குள் வெளிச்சமாக ஒரு சொட்டு விழுந்தது. பிறகு சொட்டு, சொட்டு. வேறு யாரும் பார்த்ததாகத் தெரியவில்லை.

ஆறினபின் செல்லிதான் அச்சை உடைத்தாள். முகம் வந்திருந்தது. அந்தச் சிரிக்கப்போகிற உதடு, மூக்குத்தி, நெற்றிச் சுட்டி எல்லாம் அப்படியே. கழுத்துக்குக் கீழே ஒன்றுமில்லை, கரிந்த களிமண் கருதான். தலைகீழாக நின்றபோது துளைக்கு மேலே இருந்த பித்தளை எல்லாம் சாம்பலுக்குப் போயிருந்தது. செல்லி அந்தப் பித்தளை முகத்தைக் கையிலெடுத்துத் திருப்பிப் பார்த்தாள், அதன் பிடரியில் ஒரு தடவை கையை வைத்தாள், பிறகு கீழே வைத்தாள். பதித் தலைவரான மூப்பன் சட்டியில் சாம்பல் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். அவள் இரண்டு கையையும் முழங்கை வரைக்கும் கழுவினாள். மெழுகுப் பலகையையும் மூங்கில் சிலாம்பையும் கன்னியென்று அவர்கள் கும்பிடுகிற கல்லடியில் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்து, "மன்னிச்சுப்போடுங்க மேஸ்திரி. அக்காளோட கொடம் வீணாப் போச்சுங்க," என்றாள் என்னிடம். என்னிடம்! நான் 'பரவாயில்லை அம்மிணி' என்றேன். அந்த வார்த்தை இன்றைக்கும் என் வாயில் கசக்கிறது. பஸ் ஏறி வீட்டுக்கு வந்தேன். "அவங்களுக்குச் சரியா வரல" என்று உன் அம்மாவிடம் சொன்னேன்.

உன் அம்மா வியாழக்கிழமை சட்டை துவைக்கும்போது குத்தூசியை எடுத்தாள். நுனி இடுக்கில் மெழுகு ஒட்டியிருந்தது. முகர்ந்து பார்த்திருக்கிறாள், குங்கிலிய வாசம். சாயங்காலம் நான் வந்ததும் அதை என் முன்னால் வைத்தாள். கத்தவில்லை. கத்தியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தித் தப்பித்திருப்பேன்.

"என்ர கொடம் போனாப் போச்சாதுங்க," என்றாள். "அந்தப் புள்ளையோட கை என்னத்துக்குங்க போகோணும்?"

ஞாயிறன்று இருவரும் போனோம். செல்லி குடிசை வாசலில் கையை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தாள். மடியில் ஒன்றுமில்லை. ஆனால் வலது கைக் கட்டைவிரல் ஆள்காட்டி விரலின்மேல் உருண்டுகொண்டே இருந்தது, மெழுகு நூல் இழுக்கிறமாதிரி. அது அவளுக்கே தெரியவில்லை. நான் அதைப் பார்த்தேன், கண்ணு. அதற்கப்புறம் ஒளிக்க என்ன இருக்கிறது? மூப்பனைக் கூப்பிடச் சொல்லி, பதியில் இருந்த அத்தனை பேருக்கும் முன்னால் குத்தூசியைக் காட்டிச் சொன்னேன். அழுதுகொண்டேதான் சொன்னேன். உன் அப்பன் அழுவானா என்று நினைக்காதே. நன்றாக அழுவான்.

செல்லி முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். உள்ளே ஒரு பித்தளைக் குச்சி, விரல் நீளம். என் துளைக்குள் உறைந்துபோன பித்தளை. குத்தூசிக்குப் பக்கத்தில் வைத்தாள். கனம், நேர் எல்லாம் ஒன்று.

"மண்ணு வெடிச்சா இப்படி நேரா வெடிக்காதுங்க," என்றாள். "அன்னைக்கே தெரிஞ்சுதுங்க."

மருதன் கொதித்துவிட்டான். "தெரிஞ்சுமா கைய கழுவுன? வாயில கொழுக்கட்டையா வெச்சிருந்த?"

"நேந்துட்டு வந்தவங்களக் குத்தமுன்னு கை காட்டுனா நேர்ச்சை அந்தக் கொழந்தைமேலயே திரும்புமாமல்ல?" என்றாள் அவள், அவனைப் பார்க்காமல். பிறகு உன் அம்மாவிடம், "பையன் இப்ப நல்லா இருக்கறானுங்களா அக்கா? சோறு உண்றானுங்களா?" என்று கேட்டாள்.

உன்னைத்தான் கேட்டாள், கண்ணு. உன்னை அவள் பார்த்ததுகூட இல்லை.

கன்னி செல்லியை வேண்டாமென்று சொல்லவில்லை, ஆகவே அவள் கழுவினது செல்லாது என்றார் மூப்பன். ஆனால் வார்ப்பு தப்பியிருக்கிறது, ஒரு கை கழுவித்தான் ஆகவேண்டும். தெரியாமல் செய்த கைக்கு ஆயுள் முழுக்க இல்லை, மூன்று வருடம். மூன்று வருடம் எந்த வார்ப்பிலும் அந்தக் கை படக்கூடாது. அப்படிச் சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார்; வெளியாளைக் கட்டாயப்படுத்த அவருக்கு வழியில்லை என்பது இருவருக்கும் தெரியும். "வேண்டாமுங்க," என்றாள் செல்லி. "அது சோறு போடற கையுங்க." மாதச் செலவெல்லாம் உன் அம்மா முகத்தில் ஓடினது எனக்குத் தெரிந்தது. பிறகு மெதுவாகத் தலையசைத்தாள்.

எனக்குக் கன்னியிடம் நம்பிக்கை வந்துவிட்டதா என்று கேட்காதே, இன்றைக்கும் நிச்சயமாகச் சொல்லத் தெரியாது. என் கணக்கு வேறு. என்னை மாதிரி மோல்டர் எங்கள் ஷெட்டில் மட்டுமே நாற்பது பேர். செல்லி ஒருத்திதான். சட்டிக்குள் கையை விட்டேன். நான் கையைத் துடைத்து முடிப்பதற்குள் அவள் கல்லடிக்குப் போய்ப் பலகையை எடுத்துவந்துவிட்டாள். சித்த நேரத்தில் மெழுகு வாசம் வந்தது. முதல் நூல் அறுந்தது. "அட போ!" என்று தானே சிரித்துக்கொண்டாள். இரண்டாவது நூல் அறுபடவில்லை.

சாம்பலைச் சலித்து எடுத்த பித்தளையையும் அந்த முகத்தையும் சேர்த்து உருக்கி, அடுத்த மாதம் கன்னி முழுசாக வந்தாள். முந்தின முகம் இல்லை, வேறு முகம். இதுவும் அழகுதான். கோயிலில் நீதான் கற்பூரம் காட்டினாய்.

நான் ஷெட் மேனேஜரிடம் போய் வேறு வேலை கேட்டேன். "ஏப்பா, புத்தி கெட்டுப்போச்சா?" என்றார். காக்கிச் சட்டையும் விசிலும் கொடுத்தார். அப்புறம் நடந்தது உனக்குத் தெரியும். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளோடு நீ பவுண்டரி பார்க்க வந்த அன்று கேட்டில் என்னைத் தெரியாதவன்போலக் கடந்து போனாய். வீட்டுக்கு வந்து உன்னை அறைந்தேன். அது என் இரண்டாவது தப்பு. உன்மேல் கோபமே இல்லை. உள்ளே மணல் இடிக்கிற சத்தம் காலையிலிருந்து சாயங்காலம்வரை காதில் விழுந்துகொண்டே இருக்கும், அந்த எரிச்சலை உன் கன்னத்தில் இறக்கினேன். மன்னித்துக்கொள், சாமி.

அங்கே போனால் மோல்டர்களோடு உட்கார்ந்து சாப்பிடு. அவர்கள் வேலையில் உனக்குப் புரியாதது எதையாவது பார்த்தால், திருத்துவதற்கு முன்னால் ஏன் என்று கேள். அது போதும், பெரிய பெரிய புத்திமதி என்னிடம் இல்லை.

ஒன்று மட்டும் மிச்சம். ஒரு நாள் மத்தியானம் சாப்பாட்டுச் சங்கு ஊதின நேரம், செல்லி பவுண்டரி கேட்டில் வந்து நின்றாள். மலையடிவாரத்திலிருந்து இரண்டு பஸ் மாறி, கோயமுத்தூரையே அன்றைக்குத்தான் முதல்தடவை பார்க்கிறாள். இலையில் மடித்த மெழுகு கையில் இருந்தது.

"இன்னையோட மூணு வருசமுங்க மேஸ்திரி," என்றாள். "தொடுங்க."

எனக்கு நாள் கணக்கு விட்டுப்போயிருந்தது. அவளுக்கு விடவில்லை. மெழுகை வாங்கினேன். மணலைப் பிடிக்கிறமாதிரி நான் அதை உள்ளங்கையில் அழுத்திப் பிடித்ததை அவள் பார்த்தாள், பார்க்காததுபோல ரோட்டில் போகிற லாரிகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மேனேஜரிடம் கேட்டு, திங்கட்கிழமை மறுபடி மணலில் கை வைத்தேன். மூன்று வருடம் சும்மா இருந்த கை. முதல் அச்சிலேயே பம்புக்கூடு கெட்டுப்போய் வெளியே வந்தது. மேனேஜர் எட்டத்தில் வந்துகொண்டிருந்தார். அவர் வந்து யாரையும் கேட்பதற்கு முன்னால் நான் எழுந்து நின்று, ஷெட் முழுக்கக் கேட்கிறமாதிரி, "என்ர தப்புங்க," என்றேன்.